மூன்று ஊருக்கும் ஞாயிறு கொண்டுபோன அக்கா

கடந்த ஆண்டு எங்கள் அக்காவை அடக்கம் செய்த அன்று, வந்தவர்களிடம் அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. அந்தக் குறை தீர, முதலாம் ஆண்டு நினைவாக, தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கல்வராயன் மலையில், எங்கள் பழைய ஊரில். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்துவிட்டு மலைக்கே திரும்பினார். மணமான சில ஆண்டுகளிலேயே, கடுக்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து மாமா இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊர்ச் சிற்றாலயத்துக்கு ஆயர் எப்போதாவதுதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் மணியடித்து, வேதம் வாசித்து, ஜெபம் நடத்தியவர் அக்காதான்.

பிறகு, எங்கள் காடு தேசியப் பூங்கா ஆகப்போகிறது, ஊர் கீழே இறங்க வேண்டும் என்றார்கள். இளைஞர்கள் பலருக்கு அதில் விருப்பம்தான். கீழே ரோடு உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. அக்கா மறுத்துப் பேசவில்லை. அதிகாரிகள் கூட்டிய கூட்டத்தில் ஒன்றுதான் கேட்டார்.

"எங்க வேணாலும் போறோங்க. எல்லாருக்கும் ஒரே எடமா குடுங்க. சபைய மட்டும் பிரிச்சிடாதீங்க."

ஒரே இடத்தில் அவ்வளவு மனை கிடைக்கவில்லை. சிலருக்கு நைனார்பாளையம் பக்கம், சிலருக்குக் களமருதூர் பக்கம், மீதிப்பேருக்கு எலவனாசூர்கோட்டை பக்கம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கடைசி ஆராதனை முடிந்ததும் ஆலயத்தைப் பூட்டாமல் வந்தோம். "பூட்டி யார்கிட்ட சாவியக் குடுக்கறது?" என்றார் அக்கா.

நைனார்பாளையம் பக்கம் குடியேறிய அக்கா, சவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவும் வேலைக்குப் போனார். வாரமெல்லாம் வேலை, ஞாயிறானால் பேருந்து. ஜெபம் நடத்த ஒரு வாரம் ஓர் ஊர், மறுவாரம் இன்னோர் ஊர். கீழே இருந்த ஆலயங்களில் எங்களை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் ஜனம் கடைசிப் பாயில் உட்கார்ந்துவிட்டு, யாரோடும் பேசாமல் எழுந்து வந்தது. பிறகு போவதையே விட்டது. பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். களமருதூர் பக்கம் ஆள் குறைந்து குறைந்து, கடைசியில் ஜெபத்துக்கு வந்தவர் எங்கள் சித்தப்பா ஒருவர்தான். அவருக்காக அக்கா முழு ஆராதனையும் நடத்துவார்.

"ஒருத்தனுக்கோசரம் ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகினு இருக்கியே, இன்னாத்துக்கும்மா?" என்று அவரே ஒருநாள் கேட்டார்.

"நீங்க ஒருத்தரு இருக்கீங்களே, சித்தப்பா."

மூட்டு தேய்ந்து, பேருந்துப் படியைக் கையால் பிடித்து இழுத்து ஏறும் நிலை வந்தது. "அலுப்பா இருக்குடா" என்று என்னிடம் மட்டும் சொல்வார். போகாமல் இருக்கமாட்டார்.

சித்தப்பா இறந்தபோது அவரைப் புதைக்க இடமில்லை. களமருதூர் பக்கத்துப் புதிய குடியிருப்புக்கு இடுகாடு ஒதுக்கியிருக்கவில்லை. பக்கத்தில் கேட்ட இடங்களிலும் ஆகாது என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா நேரே அங்கே நிலம் வைத்திருந்த ஒரு விவசாயி வீட்டுக்குப் போய் நின்றார். அந்த அண்ணன் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "மேட்டுப் புஞ்சையில, வேலியோரமா வெச்சிக்கோங்க. எங்கூட்ல சத்தம் போடுவாங்க. போடட்டும்" என்றார்.

அன்று மூன்று பக்கத்திலிருந்தும் எல்லோரும் வந்தார்கள். மலையிறங்கிய பிறகு சபை முழுதாகக் கூடியது அப்போதுதான். அக்கா எல்லோரையும் பார்த்துவிட்டு, "நாம ஒண்ணா சேர்றதுக்கு ஒரு சாவு வேண்டியிருக்கு" என்றார். அழவில்லை.

கடைசி நாள்களில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன மலைக்கு எடுத்துகினு போவணும்னு யார்கிட்டயும் போய் நிக்காத. சித்தப்பா பக்கத்துலயே வெச்சிடு. வர்றவங்கள வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வெக்காத." அப்படியே செய்தோம்.

அவருக்குப் பிறகு மூன்று ஊரிலும் ஆராதனை இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை, எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

முறைவைத்து அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்த ஆலைப் பெண்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய ஆயர் அவர்களுக்கும், கூலி வேலையை விட்டுவிட்டு வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அந்த விவசாயி அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அண்மையில் அந்தப் புஞ்சையில் உளுந்து விதைத்திருக்கிறார். அக்காவின் கல்லறையை அடுத்து, வேலியோரம் நீளத்துக்கும் உழாமல் விட்டிருந்தார்.

"இவ்ளோ எடத்த ஏண்ணா சும்மா வுட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கல்லாம் இன்னும் இருக்கீங்களேப்பா" என்றார்.