பூதத்தைக் கொல்லும் முன் பசியாறணும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. என் வீரன் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டே இருந்தான்.

பூதம் அடித்தா? இல்லை. வாள் வெட்டா? அதுவும் இல்லை. பட்டினி!

வீரனை உண்டாக்கியவள் நான்தான். ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. அங்கே நான் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலை செய்யும் நம் பெண்களுக்கு சனிக்கிழமைகளில் தமிழில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தவுக்கேயிடம், அதாவது எங்கள் சீன முதலாளியிடம், நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் இறங்கி வந்தார். ஒரே ஒரு காலைப்பொழுது தருகிறேன், அதற்குள் நாற்காலிகள் நிறைய வேண்டும், நிறையாவிட்டால் அந்த அறை டைப்பிங் வகுப்புக்கு... அவ்வளவுதான் பேச்சு.

கம்ப்யூட்டர் படிக்க வாங்க என்றால் யார் வருவார்கள்? விளையாட வாங்க என்றால்? அதனால் ஒரு விளையாட்டை நானே எழுதினேன்.

எழுதத் தூண்டியது கோபம். என்னோடு வேலை செய்யும் ரவி அண்ணன் ஒரு வெளிநாட்டு விளையாட்டை டிஸ்க்கில் வைத்திருக்கிறார். குகை, மந்திரவாதி, பறக்கும் நாகம், புதையல். மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவர் அந்தக் குகைக்குள்தான் இருப்பார். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன்.

"அண்ணே, இந்த ஆளு ஏழு வாள் வச்சிருக்கான். எங்க வச்சிருக்கான்?"

"பையில."

"ரெண்டு இரும்புச் சட்டை?"

"அதுவும் பையில."

"எந்தக் கடைப் பைண்ணே அது? எங்கம்மாவுக்கும் ஒண்ணு வாங்கணும்."

"சரசு, இது கேம் லா! மந்திரவாதிய நம்புற, பைய நம்ப மாட்டியா?"

"மூணு நாளா குகைக்குள்ள கிடக்கான். இன்னும் பசியாறல."

"அவன் பசியாறிக்கிட்டே இருந்தா நாகத்த எப்பக் கொல்றது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீடு ரப்பர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. ரப்பர் பால் நிறைந்த வாளிகளைத் தோளில் வைத்த காண்டா கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டு அம்மா நடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பள்ளி விடுமுறையில் நானும் தூக்கியிருக்கிறேன். எடை என்றால் என்ன என்று என் தோளுக்குத் தெரியும். ஏழு வாளைச் சுமந்துகொண்டு ஒருவன் ஓடுகிறான் என்றால், அந்தக் கதையை எழுதியவர் வாழ்க்கையில் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கியதில்லை. இது என் தீர்ப்பு.

ஆகவே என் விளையாட்டில் எல்லாம் நிஜம். வீரனுக்குத் தாகம் எடுக்கும். ஈரச் சட்டையோடு தூங்கினால் காய்ச்சல் வரும். ஒரு வாள், ஒரு விளக்கு, ஒரு பொட்டலம் சோறு, ஒரு குப்பித் தண்ணீர்... அதற்கு மேல் தூக்கினால் கால் தள்ளாடும். ரப்பர்க் காட்டைத் தாண்டி, ஆற்றைக் கடந்து, சுண்ணாம்பு மலைக் குகைக்குப் போய், பூதம் பூட்டி வைத்திருக்கும் மழையை விடுவிக்க வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் திரைகளில் தமிழ் எழுத்து இன்னும் வரவில்லை. அதனால் ரோமன் எழுத்தில் தமிழ். 'ஆமாம்' என்றால் ஒரு பொத்தான், 'இல்லை' என்றால் இன்னொன்று.

சனிக்கிழமை வந்தது. பார்வதி அக்காவும் வந்தார். ஈப்போவிலேயே சிலிபின் பக்கம் இருக்கிறார், எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. அவர் தலையசைத்தால் அவருடைய ஷிப்ட் பெண்கள் எல்லாரும் தலையசைப்பார்கள். ஃபேக்டரி வேன் நிறைய அவர்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். என் நாற்காலிகள் நிறைவதும் நிறையாததும் அவர் கையில் இருந்தது.

முதல் திரையைப் படித்துக் காட்டினேன். அக்கா முகத்தைச் சுளித்தார்.

"மழைய விடுவிக்கணுமா? மழை பெஞ்சா பால்வெட்டு இல்ல, சம்பளம் இல்ல. எங்கப்பா இருந்தா பூதத்துக்குக் கோப்பி வாங்கிக் குடுத்திருப்பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரப்பர்க் காட்டின் நடுவில் ஒரு வழிப்போக்கன் உட்கார்ந்திருப்பான். 'பசிக்குது, சாப்பிட ஏதாச்சும் இருக்கா?' என்று கேட்பான். வீரனிடம் இருப்பதோ ஒரே பொட்டலம். 'இல்லை' என்று அழுத்திவிட்டு நடந்தால் குகை வரை தாங்கும். கொடுத்துவிட்டால் ஆற்றங்கரையில் சுருண்டு விழுவான். அது நான் மிகவும் ரசித்து வைத்த சோதனை.

அக்கா யோசிக்கவே இல்லை. 'ஆமாம்' என்று அழுத்தினார். வீரன் ஆற்றங்கரையில் செத்தான்.

அடுத்த பெண் உட்கார்ந்தாள். கொடுத்தாள். செத்தான். அதற்கடுத்தவள்... அதே கதை. ஒருத்தி, "சோறு மட்டும் குடுத்தா எப்படி, தண்ணியும் குடு" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். அவன் இன்னும் சீக்கிரமாகச் செத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, 'இல்லை'ன்னு அழுத்துங்க. பொழைச்சிடலாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு மனுசன் பசிக்குதுன்னு வாயத் தொறந்து கேக்குறான். பொட்டலத்தக் கையில வச்சுக்கிட்டு இல்லங்கணுமா? நீ யாரு வீட்டுப் புள்ள?"

"நிஜ வாழ்க்கை அப்படித்தானேக்கா? ஒரு பொட்டலம் ரெண்டு பேருக்குக் காணாது."

"எந்த எஸ்டேட்ல பாத்த இந்த நிஜத்த? லயத்துல எவன் தனியாத் தின்னு பொழைச்சான்?" கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வாங்கடி, போலாம். இதுக்கு ஓவர்டைமே தேவல."

மரப்படிகளில் செருப்புச் சத்தம் கீழே இறங்கியது. அறையில் காலி நாற்காலிகளும், நானும், ரவி அண்ணனும்.

"பசிய எடுத்துடு சரசு," என்றார் அவர் மெதுவாக. "அவன் பாட்டுக்கு நடந்து போய் பூதத்தக் கொல்லட்டும். எல்லாருக்கும் சந்தோசம்."

சுலபமான வழிதான். ஆனால் பசியை எடுத்துவிட்டால் அந்த வழிப்போக்கன் எதற்கு? அவனையும் எடுக்க வேண்டும். அப்புறம் காடு எதற்கு? ஆறு எதற்கு? கடைசியில் ஒரு பொத்தானும் ஒரு செத்த பூதமும்தான் மிஞ்சும்.

உட்கார்ந்து யோசித்தேன். அக்கா கேட்டதில் என்ன தப்பு? லயத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாளில் பக்கத்து வீட்டுக் குழம்பு சுவருக்கு மேலே கை மாறி வந்திருக்கிறது. அது கதையா? நான் சாப்பிட்ட குழம்பு! சோற்றின் எடையை அவ்வளவு கவனமாக எழுதியவள், இதை எப்படி விட்டேன்? கஷ்டம் மட்டும்தான் நிஜம் என்று எனக்கு யார் சொன்னது?

கம்ப்யூட்டரில் கட்டளைகளைப் பத்து, இருபது, முப்பது என்று இடைவெளி விட்டுத்தான் எண்ணிட்டு எழுதுவோம். மறந்துபோனதை இடையில் செருகலாம். செருகினேன். சோறு கொடுத்தால் வழிப்போக்கன் எழுந்து கூடவே வருவான். அவனுக்குக் காடு தெரியும். ஆற்றங்கரையில் மரவள்ளிக்கிழங்கு எங்கே இருக்கிறது என்று காட்டுவான். இருவரும் சுட்டுத் தின்பார்கள். சுமையில் பாதியை அவன் வாங்கிக்கொள்வான்.

கீழே ஓடினேன். நல்லவேளை, வேன் இன்னும் திரும்பி வரவில்லை. எல்லாரும் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, இன்னும் ஒரே ஒரு வாட்டி."

"திரும்பச் சாகவா?"

"செத்தா கோப்பிக் காசு நான் தரேன்."

வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சோற்றைக் கொடுத்தார். திரையில் வழிப்போக்கன் எழுந்து நின்றான். 'வாங்க, வழி காட்டுறேன்' என்றான்.

அக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இவன் முன்னாடி எந்திரிக்கவே இல்லையே?"

"இப்பதான் எழுதினேன்."

"இப்பன்னா? நாங்க கோப்பி குடிச்ச நேரத்துலயா?"

"ஆமாக்கா."

"அப்ப... யாரு எழுதுறாங்களோ அவங்க வச்சதுதான் இதுக்குள்ள சட்டமா?"

"ஆமாக்கா."

பூதம், குகை எல்லாம் அவருக்கு மறந்தேபோய்விட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு என்னைப் பார்த்து உட்கார்ந்தார். "விளையாடினது போதும். எழுதக் காட்டு." அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "ஏய், உக்காருங்கடி! வேன் நிக்கும்!" என்றார்.

நாற்காலிகள் போதவில்லை. தவுக்கே தானே கீழே போய் ஸ்டூல்களைத் தூக்கிவந்தார். ஒரு நடைக்கு இரண்டு. மூன்றாவதைத் தூக்க அவராலும் முடியவில்லை என்பதை ரவி அண்ணனுக்குச் சுட்டிக்காட்டினேன்.

ரவி அண்ணன் இன்னும் அந்த மந்திரப் பையோடுதான் அலைகிறார். அலையட்டும். நாளெல்லாம் சுமந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் கனம் தெரியாமல் நடக்க ஆசை இருக்காதா என்ன? ஆனால் கனத்தைக் குறைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. கூட ஒரு ஆள் நடந்தால் போதும். அதையும் நிஜத்தின் கணக்கில் சேர்க்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. போன வாரம் பார்வதி அக்கா தன் சொந்த விளையாட்டை எழுத ஆரம்பித்தார். அதில் வீரன் இல்லை, வீராங்கனை. எட்டிப் பார்த்தேன்.

கதையின் முதல் வரியிலேயே அவள் எம்.சி., அதாவது டாக்டர் சீட்டு லீவு, போட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்கிறாள். பூதம் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டுமாம்!