ஒரு கொக்கியோடு நின்ற நேர்த்தி

போன வருடம் வைகாசி மாதம். திருகோணமலைக்கு வடக்கே, சல்லி என்ற கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் நடந்தது இது.

அக்காவின் கணவரை அத்தான் என்றே கூப்பிடுவேன். சல்லியில் மீன்பிடி வள்ளங்களின் இயந்திரம் திருத்துபவர். குடிப்பழக்கம் அறவே இல்லாதவர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் கொழுப்பும் சேர்ந்து அவருடைய ஈரலைச் சுருக்கிவிட்டன. ஆனால் ஈரல் வருத்தம் என்றாலே குடிதான் என்று நினைக்கிறவர்கள் எங்கும் உண்டு. அவர் எதிரில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அவர் கடந்து போனபின் சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன் இரத்த வாந்தி எடுத்து உயிர் தப்பியபோது, செடில் குத்திக் காவடி எடுப்பதாக அம்மனுக்கு நேர்ந்துவிட்டார். முதுகுத் தோலில் கொக்கிகளைக் கொளுவி, அவற்றின் கயிற்றை ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்க ஆடிவருவதுதான் செடில். கிளினிக்கில் டொக்டர் கடுமையாக மறுத்தார். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அத்தானுக்கு மிகக் குறைவு. ஒரு பல் பிடுங்குவதற்கே யோசிக்க வேண்டிய உடம்பு. நேர்த்திக்கடன் அப்படியே கிடந்தது.

பிறகு ஸ்கானில் ஈரலில் சிறிய கட்டி ஒன்று தெரிந்தது. வயிற்றின் மேலாக ஊசியைச் செலுத்தி அதைச் சுட்டு அழிக்கலாம். பிளேட்லெட் இருந்த நிலையில் அந்த ஊசியைப் போட ஏலாது. அதற்காகக் கொழும்பு டொக்டர் ஒரு குளிசை எழுதினார். நாளுக்கு ஒரு மாத்திரை, சாப்பாட்டோடு, ஐந்து நாள். அது எலும்பு மச்சையைத் தூண்டிப் பிளேட்லெட்டைக் கூட்டும். கூடியது சில நாள்தான் நிற்கும். அதற்குள் ஊசி வேலை முடிய வேண்டும்.

குளிசை வேலை செய்தது. நாற்பதாயிரத்துக்குக் கீழே கிடந்த கவுண்ட் எழுபதாயிரத்தைத் தாண்டியது. அடுத்த கிழமை கொழும்புக்குப் போக வாகனமும் ஒழுங்கு செய்துவிட்டோம். குளிசை போட்ட நாட்களிலும் அத்தான் வழக்கம்போலத் திருவிழா விரதம் பிடித்திருந்தார். வருடாவருடம் பிடிப்பதுதானே என்று நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

அன்று காலை அக்கா அழைத்தார். "தம்பி, இவர் மஞ்சள் வேட்டியோட கோயிலுக்குப் போயிட்டார். மேல்சட்டை இல்லை. செடிலுக்குத்தான் போறார். கெதியா வா."

நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போனேன். கோயில் வெளியில் செடில் குத்திக்கொள்ள வந்தவர்கள் வரிசையாகப் பலகைகளில் இருந்தார்கள். கொக்கிகள் ஒரு சட்டியில் தேசிக்காய்ச் சாற்றுக்குள் கிடந்தன. அத்தானுக்கு முன்னால் இரண்டு பேர்.

"அத்தான், எழும்புங்கோ."

"மச்சான், நீயே சொல்லு. ஈரலுக்குள்ள ஊசி விடலாம் எண்டா தோலுக்குள்ள கொக்கி விட ஏலாதோ? அதுக்குத்தானே கவுண்டைக் கூட்டினது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நேர்த்தி தீர்க்காமல் கொழும்பில அந்த ஊசி மேசையில ஏறினா நான் உயிரோட இறங்கமாட்டன்."

கிளினிக் டொக்டருக்கு அழைத்தேன். கிண்ணியாவைச் சேர்ந்த இளம் பெண். பறைச் சத்தத்துக்கு நடுவே தொலைபேசியை அத்தானின் காதில் வைத்தேன். டொக்டர் கத்திப் பேசியது எனக்கும் கேட்டது.

"ஐயா, அது மெல்லிய ஊசி. ஸ்கான்ல பாத்துப் பாத்து விடுவாங்க, பக்கத்தில ரத்தமும் வச்சிருப்பாங்க. குளிசை பிளேட்லெட்டை மட்டும்தான் கூட்டும். ரத்தம் உறைய ஈரல் செய்யிற மற்றச் சாமான் இன்னும் குறைவு. காயத்தில கிருமி பிடிச்சா ஊசித் திகதி தள்ளிப்போகும். தள்ளிப்போனா கவுண்ட் இறங்கிடும்."

"ஓம் தங்கச்சி, நீங்கள் சொல்றது சரி," என்றார் அத்தான். "அம்மாளுக்கும் நான் ஒரு திகதி குடுத்திருக்கிறன்."

பின்னால் நின்ற ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. "குடிச்சு ஈரலை முடிச்சுப்போட்டு இப்ப செடிலாம்." அத்தானின் முதுகு நிமிர்ந்தது. இனி இவரை எழுப்ப ஏலாது என்று அப்போதே தெரிந்தது.

விரதம் சுத்தமாக இருந்தால் செடிலில் இரத்தம் வராது என்பது அங்கே நம்பிக்கை. முன்னால் இருந்த இருவருக்கும் பொட்டுக்கூட வரவில்லை. அத்தானின் வலத் தோளுக்குக் கீழே முதல் கொக்கி இறங்கியது. முதலில் ஒரு துளி. பிறகு ஒரு கோடு. அது முதுகு வழியாக இறங்கி வேட்டியை நனைத்தது. செடில் குத்துகிறவர் திருநீற்றை வைத்து அழுத்தினார். திருநீறும் சிவந்தது. இரண்டாவது கொக்கி அவர் கையிலேயே நின்றது.

"விரதத்தில பிழை," என்றது ஒரு குரல். "அம்மாளுக்குத் தெரியாதோ?" என்றது இன்னொன்று.

"குத்துங்கோ," என்றார் அத்தான். குத்துகிறவர் தயங்கினார். "குத்தச் சொல்றன்!"

எழுந்தால் ஊர் சொன்னது உண்மையாகிவிடும். இருந்தால் இரத்தம் நிற்காது. நான் அவருடைய தோளைப் பிடித்தேன், கையைத் தட்டிவிட்டார்.

அப்போதுதான் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அழவில்லை. குத்துகிறவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பிழை என்னில. விரத நாளில விடியவெள்ளன இவருக்குக் கஞ்சி குடுத்தது நான். குளிசையை வெறும் வயித்தில போடக்கூடாதாம். இவர் மாட்டன் எண்டுதான் சொன்னவர். நான்தான் விடாமல் வாயில தீத்தினனான்." பிறகு பின்னால் திரும்பினார். "இவர் ஒருநாளும் குடிச்சதில்லை. ஆருக்கும் சந்தேகம் எண்டா என்னட்டக் கேளுங்கோ."

யாரும் கேட்கவில்லை. குத்துகிறவர் கையிலிருந்த கொக்கியைச் சட்டியில் போட்டார். "விரதம் முறிஞ்சா குத்தக்கூடாது அம்மா," என்று சொல்லி, குத்திய கொக்கியையும் கழற்றினார்.

அத்தான் இன்னும் எழவில்லை. அக்கா அவர் முன்னால் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நேர்த்தியை முறிச்சது நான். தண்டனை எண்டா எனக்கு வரட்டும். நீங்கள் ஊசிக்குப் போங்கோ."

அவர் எழுந்தார்.

ஓட்டோவில் நகர ஆஸ்பத்திரி வரை என் உள்ளங்கை அவர் முதுகில் வைத்த துவாய்த் துண்டுக்கு மேலே அழுத்தியபடியே இருந்தது. துவாய் நனைந்து கை ஈரமானது. ஆஸ்பத்திரியில் இறுக்கிக் கட்டி, நெடுநேரம் காத்திருந்த பிறகுதான் இரத்தம் நின்றது. கிருமி பிடிக்காமல் மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தால் கொழும்புப் பயணம் இல்லை என்றார்கள். அக்கா இரவும் பகலும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் வரவில்லை. குறித்த திகதியில் ஊசி வேலை நடந்தது. கட்டியைச் சுட்டுவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்து அவர் கண் திறந்தபோது பக்கத்தில் நின்றது நான். கட்டியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"உன்ர அக்காவுக்கு ஒண்டும் ஆகேல்லையே?" என்றார்.

அன்று இரத்தம் ஏன் வழிந்தது என்பதற்கு என்னிடமும் டொக்டரிடமும் சரியான காரணம் இருந்தது. அக்கா சொன்ன காரணம் அது இல்லை. ஆனாலும் இன்றுவரை அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. யாரையாவது ஆபத்திலிருந்து எழுப்பப் போகும்போது, இவர் தலை குனியாமல் எழுந்துபோக வழி விட்டிருக்கிறேனா என்று இப்போதெல்லாம் முதலில் பார்த்துக்கொள்கிறேன்.