பிரெஞ்சில் விழுந்தவன்

செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுவது சிரமமான வேலை. அவனை நேரில் பார்த்து முறைக்க முடியாது. நாளைக்கு அவனுக்குத் தொந்தி விழும், தலை வழுக்கையாகும் என்று காத்திருக்கவும் முடியாது. போன இலையுதிர் காலம் முழுவதும் நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன்.

என் மனைவி மொழிபெயர்ப்பாளர். மொன்றியலில் பழைய ராணுவக் கட்டடம் ஒன்றில் இயங்கும் சிறிய அருங்காட்சியகம், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணுவ அதிகாரிகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு கண்காட்சி வைக்க இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த பழைய தாள்களைப் பிரெஞ்சில் ஆக்கித் தரும் வேலை அவளிடம் வந்தது. விதிமுறைகள், கேள்வித்தாள்கள், கூடவே அந்தக் காலத்தில் தேர்வு எழுதிய ஒரு பையனின் விடைத்தாள்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அவனைப் படிக்கத் தொடங்கினாள்.

தினமும் இரவுச் சாப்பாட்டின்போது எனக்கு ஒரு விதி வாசித்துக் காட்டப்படும். அதிகாரியாக விரும்புகிறவனுக்குக் கணக்கு கட்டாயம். வரலாறு, புவியியல், வடிவியல் படம் வரைதல், பிரெஞ்சு. பிரெஞ்சில் சொல்வதெழுதுதல் உண்டு. அதற்குப் பிறகு மருத்துவர் வருவார். உயரம் பார்ப்பார், மூச்சை இழுக்கச் சொல்லி மார்பை அளப்பார், பல்லைத் தட்டிப் பார்ப்பார், கண்ணாடி இல்லாமல் தூரத்து எழுத்தை வாசிக்கச் சொல்வார். நல்லொழுக்கத்துக்குப் பாதிரியாரோ தலைமையாசிரியரோ சான்று தர வேண்டும். பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும். என் கொள்ளுத்தாத்தாவும் பிரிட்டிஷ் பிரஜைதான், மதுரையில். அவரை யாரும் தேர்வெழுதக் கூப்பிடவில்லை.

கடைசியாக ஒரு விதி. விண்ணப்பிக்கிறவன் கல்யாணம் ஆகாதவனாக இருக்க வேண்டும்.

“அவனுக்கு ஆகேல்லை,” என்றாள் மனைவி, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

மறுநாள் காலை குளியலறையில் அவளுடைய தையல் டேப்பை எடுத்து என் மார்பை அளந்தேன். மூச்சை இழுத்தும் அளந்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். காலண்டர் இருப்பது தெரிந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேறு. அவள் அவனை ‘அவன்’ என்றாள்.

அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கே வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எண்ணுவது பிரெஞ்சில், என்னைத் திட்டுவது தமிழில். திட்டும்போதும் ‘நீங்கள்’தான். டொராண்டோவில் இருக்கும் தன் அக்காவிடம் என்னைப் பற்றிப் பேசும்போது ‘இவர்’. கல்யாணமான புதிதில், “என்னை நீ என்றே கூப்பிடேன்,” என்று கேட்டுப் பார்த்தேன். “எங்கட ஆக்கள் புருசனை அப்பிடிக் கதைக்க மாட்டினம். எனக்கு வாய் வராது,” என்று முடித்துவிட்டாள். மரியாதை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வங்கியில்கூட என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒருமை. மூன்று வருடமாகக் கேட்டும் எனக்குக் கிடைக்காதது, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குக் கேட்காமலே கிடைத்தது. அவளுக்கு என் மேல் மரியாதைக்கு மேலே ஒன்றுமே இல்லையோ என்ற பயம் அப்போதுதான் எனக்குள் வந்து உட்கார்ந்தது.

“இஞ்ச பாருங்கோ,” என்று ஒரு நாள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். அவனுடைய பிரெஞ்சுச் சொல்வதெழுதுதல். ஓரமெல்லாம் சிவப்பு மை. “பாவம், மீன் எண்டு வாசிச்சதைக் கேட்டு நஞ்சு எண்டு எழுதியிருக்கிறான். ஒரு எழுத்துத்தான் விட்டவன்.” சொல்லிவிட்டு அந்தச் சொல்லை விரலால் தடவினாள். திரையைத்தான் தடவினாள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எரிந்தது.

ஏனென்றால் அந்தத் தப்பு என்னுடைய தப்பு. நான் மென்பொருள் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன். எங்கள் அலுவலகத்தில் குழுத் தலைவராக வேண்டுமானால் பிரெஞ்சுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை விழுந்திருந்தேன். இரண்டாம் முறைக்கு, தினமும் மெட்ரோவில் போகும்போது போனில் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தமிழில் மெதுவாகச் சொல்லும் ப-வுக்கும் அழுத்திச் சொல்லும் ப-வுக்கும் ஒரே எழுத்துதான். ச-வும் அப்படியே. பிரெஞ்சில் மீனுக்கு ஒரு சொல், பானத்துக்கு ஒரு சொல், நஞ்சுக்கு ஒரு சொல். என் போனில் மூன்றும் ‘புவாசோன்’.

அந்தப் பையனின் அப்பாவுக்கு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் பண்ணை இருந்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கண்காட்சிக்கு அது தேவையா என்று கேட்டேன். “தேவையில்லை, சும்மா,” என்றாள். அந்தச் சும்மாவுக்காக மொன்றியல் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கார் ஓட்டினேன். அங்கே பண்ணையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கல்லூரியின் கார் நிறுத்துமிடம் இருந்தது. அவள் அதன் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். மழை தூறியது. குடை பிடித்தது நான்.

பிறகு கால்வாய் ஓரத்தில் ஒரு உணவகத்துக்குள் நுழைந்தோம். சேர்ந்து குடிக்க ஏதாவது சொல்லலாம் என்றாள். இன்றைக்கு இவளுக்கு நான் யார் என்று காட்டுகிறேன் என்று, பரிமாறும் பெண்ணிடம் நிமிர்ந்து உட்கார்ந்து பிரெஞ்சில் இரண்டு பானம் கேட்டேன். அந்தப் பெண் மெர்சி சொல்லிப் போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு நிறையப் பொரித்த மீன் வந்தது.

மனைவி மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தண்ணியாவது நான் கேக்கட்டோ?” என்றாள். அவ்வளவுதான். பாவம் என்று சொல்லவில்லை. எதையும் விரலால் தடவவில்லை. செத்தவன் தப்பாக எழுதினால் செல்லம், உயிரோடு இருக்கிறவன் தப்பாகப் பேசினால் தண்ணீர். மீன் முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றேன்.

முதல் பனி விழுந்த வாரத்தில் அவனுடைய இரண்டாம் தேர்வு முடிவு அவளுக்குக் கிடைத்தது. கணக்கில் பிரமாதம், படம் வரைவதில் பிரமாதம், பிரெஞ்சில் மறுபடியும் விழுந்திருந்தான். அதற்குப் பிறகு அவனுடைய தாள்கள் எதுவும் இல்லை. அன்று மாலை அவள் சமைக்கவில்லை. நான் வேலை முடிந்து வந்தபோது லைட்டைக்கூடப் போடாமல் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவன் பெயிலானதற்கு என் வீட்டில் துக்கம். நான் ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுவிட்டுப் படுத்தேன். உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அடுத்த வாரம் என் முடிவு வந்தது. நானும் விழுந்திருந்தேன். அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், பெரிய விஷயமில்லை என்பதுபோல.

“பரவாயில்லை, பேந்து இன்னொருக்கா எழுதுங்கோ,” என்றாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று சோறும் குழம்பும் பொரியலும் ஒரு குறையுமில்லாமல் மேசைக்கு வந்தன. நான் பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன். லைட்டைப் போடாமல் உட்காரும் அளவுக்கு நான் அவளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பால் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலில் பூட்ஸைக் கழற்றக் குனிந்தபோது சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது. போனில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“ஓம் அக்கா, இந்த முறையும் பிரெஞ்சில விழுந்திட்டான்.”

மறுபடியும் அவன். பெயிலாகி, செத்து, தாள்களும் தீர்ந்த பிறகும் விடமாட்டான்போல. கழற்றிய ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

“எனக்கு அழுகை வந்திட்டுது. முகத்தைப் பாக்க ஏலாமல் அங்கால திரும்பீட்டன். கெட்டிக்காரன் அக்கா, ஆனா சரியான ரோசக்காரன். நான் பாவம் பாத்தா அவனுக்குப் பிடிக்காது.”

அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும். மனைவி சிரித்தாள். கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நின்றாளே, அந்த முகத்தோடுதான் சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“எல்லாத்தையும் தமிழ் எழுத்திலயெல்லோ எழுதி வைச்சுப் பாடமாக்கிறான். தமிழில எழுதினா மீனும் நஞ்சும் ஒண்டுதானே. நானாச் சொல்லேல்லை. அவனே கேக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

பூட்ஸ் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. சமையலறையில் பேச்சு நின்றது. அவள் போனைக் காதில் வைத்தபடியே வெளியே எட்டிப் பார்த்தாள்.

“வந்திட்டீங்களோ?” என்றாள். “கதவைச் சாத்துங்கோ, குளிர் உள்ளுக்கு வருது.”