பாதிக் கட்டில்

மருதப்பன் எங்கே தூங்குகிறார் என்று கோதண்டம் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவன் எழுந்து மாடியை விட்டு இறங்கும்போதெல்லாம் மனிதர் கடைகளுக்கு முன்னால் போகும் நடைபாதையில், அஞ்சடி என்று எல்லோரும் சொல்லும் இடத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். “என்ன தம்பி, ஊர் சுத்துற துரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?” என்பார். கேலிதான். ஆனால் அதில் முள் இருக்காது.

நாற்பதைத் தாண்டிய ஆள். ஹார்பரில் ராத்திரி வேலை. கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டைகளைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். காலையில் வந்து குழாயடியில் குளித்து, சட்டையைக் கசக்கிக் கம்பில் விரித்துவிட்டு, ஏதாவது மலாய்ப் பாட்டைச் சீட்டியடித்தபடி வெற்றிலை மடிப்பார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பாடை கட்ட முதலில் நிற்பார். கல்யாணம் என்றால் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். இவ்வளவுதான் கோதண்டத்துக்குத் தெரியும்.

கோதண்டம் மன்னார்குடிக்காரன். படிப்பை முடித்த கையோடு, ஜாவா வரைக்கும் போய்ப் பார்த்துவிடுவது என்று ஒரு கித்தான் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கப்பலேறியவன். பினாங்கில் இறங்கி, பாதி நடையும் பாதி லாரியுமாக மலாயா முழுக்கக் கடந்து வந்தான். மலாக்கா வரைக்கும் தேயாத கால் சிராங்கூன் ரோட்டில் தேய்ந்தது. என்ன ஊர் இது? லாரிச் சத்தம் ஓய்ந்தால் மிளகாய் மில், மில் ஓய்ந்தால் சாக்கடை நாற்றம். குவீன்ஸ்டவுனில் அடுக்கு வீடு கட்டுகிறார்களாம் என்று பார்க்கப் போனவன் வழி தவறி, வெயிலில் சுருண்டு திரும்பினான். வழி கேட்டால் யாரும் நின்று பதில் சொல்வதில்லை. நிற்கிறவனை ஊரே இடித்துக்கொண்டு போகிறது. ராத்திரியானால் எதிர்வீட்டு மாடியில் சீனர்கள் மாஜோங் காய்களைக் கொட்டிக் கலைக்கும் சத்தம், உள்ளே மூட்டைப்பூச்சி. வெளுக்கிற நேரத்தில்தான் கண் அயரும். பிறகு பிற்பகல் மூன்று மணி வரைக்கும் தூங்குவான்.

ஜாவாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இந்த ஊர் என்னைச் சக்கையாகப் பிழிந்துவிட்டது என்று மருதப்பனிடமே எத்தனையோ முறை புலம்பியிருக்கிறான். அவரும் சிவந்த கண்ணோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மாடியை மன்னார்குடிப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொள்பவர் செல்லக்கண்ணு. ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்து நின்றாலும் சோறும் இடமும் உண்டு, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பதில்லை. ஊருக்குப் போயிருந்த ஒருவரின் கட்டிலைக் காட்டி, “இதுல படுத்துக்க” என்றார் செல்லக்கண்ணு. கோதண்டம் படுத்துக்கொண்டான். பகலில் மற்றக் கட்டில்களிலும் ஆட்கள் தூங்குவதை அவன் பார்த்ததுதான். வேலை கிடைக்காதவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தான்.

இரண்டு நாளாக வீட்டில் ஒரே பேச்சு, மருதப்பனின் வேலை. கப்பலில் கொக்கி இறங்கும் நேரத்தில் நின்றபடியே கண் சொருகிவிட்டாராம். மூட்டை தலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்ததாம். இன்னொரு தரம் தூங்கி விழுந்தால் ஆள் கணக்கிலிருந்து பெயரை அடித்துவிடுவேன் என்று தண்டல் சொல்லிவிட்டார். தண்டல் என்றால் அந்தக் கூட்டத்துக்கு மேலாள். அவர் சொன்னால் சொன்னதுதான். மனிதர் ரகசியமாகச் சம்சுச் சாராயம் குடிக்கிறாரோ என்று கோதண்டத்துக்கு ஒரு சந்தேகம்.

மறுநாள் காலை பேய்மழை. ஒழுகல் முகத்தில் சொட்டி, கோதண்டம் வழக்கத்துக்கு முன்பே விழித்துக்கொண்டான். கீழே இறங்கினான்.

அஞ்சடியில் மருதப்பன் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. தலை தூணிலிருந்து வழுக்குவதும், தூக்கத்திலேயே அதை அவர் இழுத்து வைப்பதுமாக இருந்தது. நீட்டிய கால் முழங்கால் வரை மழையில் நனைந்தது. மாவரைக்க வந்த பெண்கள் அந்தக் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

கோப்பி வாங்கிக்கொண்டு திரும்பிய செல்லக்கண்ணுவிடம், மேலே வந்து படுக்கக் கூடாதா இவர் என்று கேட்டான்.

செல்லக்கண்ணு அவனை ஒரு மாதிரி பார்த்தார். “எங்க படுக்கிறது? அவன் கட்டில்லதான் நீ படுத்திருக்கியே.”

“ஊருக்குப் போனவர் கட்டில்னு சொன்னீங்களே.”

“ராத்திரிப் பாதி ஊருக்குப் போனவனோடது. பகல் பாதி மருதப்பனோடது. எட்டுக் கட்டிலு, பதினாறு ஆளு. இதக் கூடவா சொல்லணும்?”

வந்த நாளிலிருந்தா? அப்படியானால் தினமும் தான் புலம்பியது யாரிடம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தட்டி எழுப்பியிருக்கலாமே என்றான் கோதண்டம்.

“அவன் யாரையும் எழுப்ப மாட்டான்” என்றார் செல்லக்கண்ணு. பிறகு, மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போட ஜோகூர்த் தோட்டத்திலிருந்து அள்ளிக்கொண்டு போனவர்களில் மருதப்பனும் அவர் கூடப்பிறந்த தம்பியும் இருந்தார்கள். அங்கே காய்ச்சலில் கிடப்பவனையும் பூட்ஸ் காலால் உதைத்துத்தான் எழுப்புவார்கள். உதை விழுவதற்குள் நாமே எழுப்பிவிடுவோம் என்று, அனலாய்க் கொதித்த தம்பியை ஒரு நாள் மருதப்பன் உலுக்கி எழுப்பி வேலைக்குக் கூட்டிப் போனார். உச்சிப்பொழுதில் மண்மேட்டிலேயே பையன் சரிந்தான். திரும்ப எழவில்லை.

“தூங்கட்டும்னு விட்டிருந்தா உதையோட போயிருக்கும்னு சொல்லுவான். நடந்திருக்குமோ என்னவோ. யாரு கண்டா?” என்று சொல்லிவிட்டுச் செல்லக்கண்ணு மேலே போய்விட்டார்.

கோதண்டம் மருதப்பன் பக்கம் திரும்பினான். சாயங்காலம் இந்த மனிதர் மறுபடி கொக்கிக்குக் கீழே நிற்க வேண்டும். கட்டில் மேலே காலியாகக் கிடக்கிறது. ஆனால் அதில் படுக்கவைக்க வேண்டுமானால் முதலில் எழுப்ப வேண்டும். இரண்டு தரம் கையை நீட்டி இழுத்துக்கொண்டான். கால் முழுக்க நனைந்து நடுங்குவதைப் பார்த்த பிறகுதான் மெதுவாகத் தோளைத் தொட்டான். இலை விழுந்த மாதிரிதான் தொட்டான்.

மருதப்பன் துள்ளி எழுந்தார். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

“எந்திரிச்சிட்டேன், எந்திரிச்சிட்டேன். அவன விட்டுருங்க, காய்ச்சக்காரன்.”

மில் வாசலில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோதண்டம் ஓரடி பின்வாங்கினான். கொஞ்ச நேரம் கழித்து விரல்களுக்கு நடுவே ஒரு கண் அவனைக் கண்டுகொண்டது. கைகள் இறங்கின. வெட்கப்பட்டவர் போல மருதப்பன் வேட்டியைப் பிழிந்தார்.

“தம்பியா? மழைச் சத்தத்துல தூக்கம் கெட்டுப்போச்சா?”

கோதண்டம் மேலே மாடியைக் காட்டிக் கும்பிட்டான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். செல்லக்கண்ணு சொல்லிவிட்டார் என்று புரிந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துப் படியேறினார். ஒழுகல் படாத பக்கமாகக் கட்டிலை இழுத்துப் போட்டு, தன் துண்டை விரித்தான் கோதண்டம். அவர் முட்டியை மடக்கிச் சுருண்டு படுத்தார்.

“வேலைக்கு நேரமாச்சுன்னா நானே எந்திரிச்சிருவேன்” என்றார், கண்ணை மூடிக்கொண்டே. “நீங்க தொட வேணாம், தம்பி.”

சொல்லி முடிக்கும் முன்பே குறட்டை வந்துவிட்டது. தொட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோதண்டம் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.