விரிசலில் ஊற்றிய தண்ணீர்

கல்வராயன் மலையடிவாரத்தில் நான் கட்டுமான மேற்பார்வை பார்த்த விடுதியில், நீச்சல் குளத்தைச் சுற்றிக் கான்கிரீட் தளம் போட்ட மறுநாளே இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. கள்ளக்குறிச்சி சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். புதுத் தளம் வெடிக்காமலிருக்க அதை நனைக்க வரவேண்டிய தண்ணீர் லாரி வரவில்லை. கிணறும் வற்றிக் கிடந்தது. மூன்றாம் நாள் தளமெங்கும் விரிசல்.

தளம் போட்ட ஒல்லியான மேஸ்திரி, வழக்கம்போலக் கட்டைவிரல் நகத்தால் தளத்தை நிரடிப் பார்த்தார். நகம் விரிசலுக்குள் இறங்கியது.

"மரத்த வெட்டுனவங்கள்ல எம் புள்ளயும் ஒருத்தனுங்க. படிச்சிட்டு வூட்டுல சும்மா குந்திக்கினு இருந்தான். போவாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"இப்ப தண்ணி ஊத்தினா மூடிக்குமா?" என்று கேட்டேன்.

"மூடாதுங்க. ஒடச்சிட்டுதான் போடணும்."

சொல்லிவிட்டு, தான் குடிக்க வைத்திருந்த தூக்குத் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் விரிசலில் ஊற்றினார். ஏன் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.