கடைசி வரிசையில் வேறு சாயம்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். எனக்கு வாய்த்த எழுத்தெல்லாம் தங்கள் நாளிதழ் போன்றவற்றை உரக்க வாசித்துப் பழகியதால் வந்தது. பிழையிருப்பின் பொறுத்தருள்க.

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை என்ற ஊரில் தறி வைத்துச் சேலை நெய்து விற்றவன். மனைவி காலமான பின், இரண்டாண்டுகளாக அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் என் மகன் சரவணனுடன் வசிக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் பெண்கள் மட்டுமே பயிலும் கல்லூரி ஒன்று உண்டு. சென்ற மே மாதம் ஒரு காலையில் நடைக்குச் சென்றவன், எதிரே இளம்பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி வருவதைக் கண்டேன். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர். நம் பக்கத்தில் பெண்கள் வெள்ளை உடுத்துவது எதற்கென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் என்ன இழவோ என்று பதறி, குளிரையும் பாராமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவர்களோ சிரித்துக் கையசைத்துப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சரவணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இழவெல்லாம் இல்லீங்கப்பா. நாளைக்குப் பட்டம் வாங்கற புள்ளைங்க. மொத நாளு வெள்ளை உடுத்தி ஊர்வலம் போறது அந்தக் காலேஜு வழக்கமுங்க. நடுரோட்டுல செருப்பக் கழட்டிப் போட்டு நின்னீங்களாக்கும்? நல்ல வேளை, ஒருத்தரும் போலீசக் கூப்புடல.” சாயங்காலம் புல்வெளியில் நிழற்படம் எடுப்பார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னான். நான் அறைக்குள் சென்று அமர்ந்தேன். சரவணனுக்கு மூத்தவள் கோகிலா என் நினைவில் வந்து நின்றாள்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இறுதியாண்டு பயின்றாள். படிப்பு முடிக்கும் மாணவியர் அனைவரும் விடைபெறும் நாளில் ஒரே நிறச் சேலை உடுத்துவது அங்கே வழக்கம். நிறத்தை அவர்களே கூடித் தேர்வார்கள். முன்னவர்கள் உடுத்திய நிறத்தைப் பின்னவர்கள் எடுக்கலாகாது. வாயிலில் இளைய மாணவியர் சந்தனம் பூசி, மல்லிகை சூட்டி, ஆளுக்கொரு அகல்விளக்கைக் கையில் தந்து உள்ளே அனுப்புவர். முடிவில் படிக்கட்டில் வரிசையாக நிறுத்தி நிழற்படம் எடுப்பர். சிவப்பும் மஞ்சளும் கிளிப்பச்சையும் முன்னரே போய்விட்டதால், கோகிலாவின் வகுப்பார் வெங்காயச் சருகு நிறத்தில் அரக்குக் கரை கேட்டார்கள். மொத்தம் நூற்றுப் பதினான்கு சேலைகள். மகளின் வாய்ச்சொல்லால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பெருமையில் நான் தரையில் நிற்கவில்லை.

ஒரே நாளில், ஒரே தொட்டியில் தோய்த்த நூல்தான் ஒரே நிறம் காட்டும். தொட்டி மாறினால் நிறம் மாறும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். கணக்காகத் தோய்த்த நூலில் நெய்து முடித்தபோது, கடைசிச் சேலையின் உடலில் தறி எண்ணெய் கொட்டிக் கறையாகிவிட்டது. அந்தத் தொட்டியின் நூல் ஓர் இழைகூட மிச்சமில்லை. மறுபடி தோய்த்து நெய்தோம். குழல் விளக்கின் கீழ் வேறுபாடு தெரியவில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்தேன். செங்கல் சாயல் அடித்தது.

அதை யாருக்குக் கொடுப்பது? என் மனைவி கேட்டாள்: “ஊருக்கெல்லாம் நல்லதக் குடுத்துப்போட்டு, பெத்த புள்ளைக்கு மட்டும் கழிச்சதக் குடுப்பீங்களாக்கும்?”

“அடுத்தவங்க புள்ளைக்கு இதக் குடுத்துட்டு நம்ம புள்ளைக்கு நல்லதக் கட்டுனா, நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?” என்றேன்.

கோகிலாதான் குறுக்கே வந்தாள். “அட, உடுங்கம்மா. நூத்துப் பதினாலு பேருல நாந்தான் எட்டத்துலயே தெரிவேன். அப்பாவுக்கு என்னையத் தேடற வேலையே இல்லீங்களே!” சேலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கப் போனாள்.

விழா நாளில் நானும் சென்றேன். பெற்றோர் பலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, சேலை பிரமாதமுங்க, எங்கூட்டுக் கலியாணத்துக்கும் நீங்கதான் நெய்யோணும் என்று புகழ்ந்தார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் ஏறி நின்றார்கள். கோகிலா முதல் வரிசையில், நடுவில். வெயில் நேராக அடித்தது. நிழற்படக்காரர் கருவியிலிருந்து தலையை நிமிர்த்தி, “ஏனுங் மேடம், அந்தப் பொண்ணு சேலை மட்டும் தனியா அடிக்குதுங்க. கொஞ்சம் பின்னால அனுப்புங்க” என்றார். ஆசிரியை ஒருவர் வந்து அவள் கையைப் பிடித்துக் கடைசி வரிசையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். போகும்போது கோகிலா கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தாள்.

நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். குற்றம் என்னுடையது, பிள்ளையை அங்கேயே நிற்க விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், சாயம் தப்பவிட்டவன் நான் என்பது சுற்றி நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் வாய் திறக்கவில்லை. அவள் பார்வையை விட்டுத் தரையைப் பார்த்தேன்.

படம் பத்து நாளில் கைக்கு வந்தது. முன்னால் நின்ற உயரமான பெண்ணின் தோள் கோகிலாவின் முகத்தை முழுவதும் மறைத்திருந்தது. அதை அவளிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. தறிக்கொட்டகைப் பெட்டியின் அடியில் வைத்தேன். “போட்டோ வந்துருச்சுங்களாப்பா?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் “இன்னும் வரல சாமி” என்றேன். நான்கைந்து முறை கேட்டிருப்பாள். அந்த ஐப்பசியில் மஞ்சள் காமாலை முற்றி அவள் எங்களை விட்டுப் போனாள். அப்பொழுதும் படம் பெட்டிக்குள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அமெரிக்கக் கல்லூரியின் புல்வெளிக்குச் சென்றேன். தொழில்காரன் கண், ஆகவே முதலில் நிறத்தைத்தான் பார்த்தேன். எல்லாம் வெள்ளை என்பது பேச்சுக்குத்தான். பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, பழுப்பேறிய வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை. ஒருத்தி கால்சட்டை, ஒருத்தி பாவாடை, ஒருத்தி தன் தாயின் பழைய உடுப்பு போலும். எங்கள் தொழிலில் இவற்றை ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டமாட்டோம். அவர்கள் தோளோடு தோள் சேர்ந்து, புல்வெளியை ஒட்டிய படிகளில் நின்றார்கள். நிறத்துக்காக யாரும் யாரையும் பின்னால் அனுப்பவில்லை.

மார்பில் பெயர்ச்சீட்டு அணிந்த அம்மையார் ஒருவர் எனக்குத் தண்ணீர் தந்து ஏதோ வினவினார். எனக்கு விளங்கியது ‘டாட்டர்’ என்ற ஒரு சொல்தான். என் மகள் எங்கே என்று கேட்கிறார் எனக் கொண்டேன். என் வாய் தானாகச் சொன்னது: “லாஸ்ட் ரோ. கார்னர்.”

அவர் அங்கே பார்த்தார். கடைசி வரிசையின் ஓரத்தில் குள்ளமான பெண் ஒருத்தி, முன்னால் நின்றவளின் தோளுக்குப் பின்னே நெற்றி மட்டும் தெரிய நின்றிருந்தாள். அம்மையார் இரு கைகளையும் உயர்த்தி உரக்கக் கூவினார், என்னைச் சுட்டிக்காட்டினார். பிள்ளைகள் சிரித்து வழிவிட்டார்கள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் படியிறங்கி முதல் வரிசைக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். யாரென்று தெரியாவிட்டாலும் சிரித்தாள். படம் எடுத்தார்கள்.

அந்த அம்மையார் செய்ததற்கு ஒரு நொடிதான் ஆயிற்று. அந்த நொடிதான் சேலத்தில் அன்று என்னிடம் இல்லாமற்போனது. அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணியிருப்பார். மறுத்துச் சொல்ல எனக்கு ஆங்கிலம் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது ஐயமே.

கோகிலாவின் சேலை இப்பொழுது இங்கே, சரவணனின் குளிர் அங்கிகளுக்கு நடுவே தொங்குகிறது. அந்தப் பழைய படம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதில் இரு பெண்களுக்கு இடையே ஒரு விரற்கடை அகலத்துக்குச் செங்கல் நிறம் தெரியும். முகம் இல்லாத இடத்தில் அந்த நிறம் நிற்கிறது. அவள் சொன்னது சரி, நான் அவளைத் தேட வேண்டியதில்லை. உடல் இந்தக் குளிர்நாட்டில் கிடக்க, நான் நாள்தோறும் சேலத்து வெயிலில், அந்தப் படிக்கட்டின் எதிரே, வாய் திறவாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.

படம் மங்கி வருகிறது. சரவணனுக்குக்கூட இதை நான் காட்டியதில்லை. எனக்குப் பின் அந்த விரற்கடை நிறம் யாருடையதென்று சொல்ல ஆளில்லை. ஐயா, அம்மையீர், அவள் பெயர் கோகிலா. அவள் நிற்க வேண்டிய இடம் முதல் வரிசை, நடு. அச்சிடாவிட்டாலும் இக்கடிதத்தைத் தயைகூர்ந்து வைத்திருங்கள்.