மாதா படத்தடியில் வைத்த பாட்டில்

இன்றும் யாராவது சோடா மூடியைத் திறந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அப்பாவுக்கு அம்மாவின் சிறுநீரகத்தை எடுத்து வைத்திருந்தார்கள். அவர் உடம்பு அதைத் தள்ளிவிடக் கூடாதென்று வேளை தவறாமல் மாத்திரை. மேல்பட்டாம்பாக்கத்து வீட்டில் யார் தும்மினாலும் அப்பாவுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று நான் நடுங்குவேன்.

குமராட்சியிலிருந்து அம்மாவின் அண்ணன் வந்தார். இளைத்துப்போன அப்பாவைப் பார்த்து மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த முறை வந்தபோது கையில் கறுப்பாக ஒரு பாட்டில். மூலிகைகளை வெல்லத்தில் புளிக்கவைத்த சாறு, சிதம்பரத்தில் வாங்கியதாம். மூடியைத் திருகினார், புஸ்ஸென்று சீறி நுரை வழிந்தது.

"பாத்தியா மச்சான், உசுரோட இருக்குது. எதிர்ப்பு சக்தி ஜிவ்வுனு ஏறும்."

"கள்ளு வாடை அடிக்குதே மச்சான். ஃபாதர் வந்தா என்னா நெனைப்பாரு?" என்றார் அப்பா.

எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் அம்மா சிரித்தாள். பிறகு தயங்கி, "டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்கலாமாண்ணே?" என்றாள்.

"எலதழைக்கு எதுக்கும்மா டாக்டரு? அந்த மாத்திரதான் அவர துரும்பாக்கிடுச்சு."

பாட்டில் மாதா படத்தடியில், மெழுகுவத்திக்குப் பக்கத்தில் குடியேறியது. தினமும் ஜெபமாலை முடிந்ததும் அம்மா அதன்மேல் சிலுவை போட்டு, ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பாள். மெழுகுவத்திச் சூட்டில் சீறல் நாளுக்கு நாள் ஜாஸ்தியானது. ஜெபம் கேட்கப்படுகிறது என்று நாங்கள் நம்பினோம்.

முதலில் அப்பா தெம்பாகத்தான் தெரிந்தார். அப்புறம் கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. அம்மா ஒரு மூடியை இரண்டு மூடியாக்கினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "மாத்திரையே எதிர்ப்பு சக்திய அடக்கி வைக்கத்தாம்மா. நீங்க அதத் தட்டி எழுப்பும்னு சொல்லி விக்கிறதக் குடுத்திருக்கீங்க. இதாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா குடுத்திருக்கவே கூடாது." வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளத் தொடங்கிவிட்டது என்றார்.

"என்னுதயா?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

பிறகு டயாலிசிஸ், அதன் பிறகு அப்பாவே இல்லை. நான் எட்டாவதோடு நின்றேன். 'இதாலதான்' என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருக்கலாம், இல்லையென்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லாததால்தான் வீட்டில் இன்னும் யாருக்கும் தூக்கமில்லை.

டாக்டரம்மா அப்படிச் சொன்ன அன்று அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாமாவைத் துணைக்கு வைத்துவிட்டு, அம்மாவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். வழி நெடுக அவள் விலாவின் பழைய தழும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"தையல் வலிக்குதாம்மா?"

"ஆமாம்" என்றாள்.

பஸ் குலுங்குவதால்தான் வலிக்கிறதென்று நினைத்து, நான் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.